ஔவை ஏன் அகப்படவில்லை?

ஒரு தமிழ்த் தளம். முகப்பிலேயே ஆத்திசூடி பற்றி நீளமான கட்டுரை இருக்கிறது. அதே தளத்தின் தேடல் பெட்டியில் ‘ஔவை’ என்று தட்டினால் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று பதில் வருகிறது. வந்தவர் இரண்டாவது முறை தட்டிப் பார்ப்பதில்லை. நேராகக் கூகிளுக்குப் போய்விடுகிறார், அல்லது அந்தத் தளத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். எழுதியவரின் உழைப்பு வழங்கியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் அகப்படாது. (வழங்கி என்றால் செர்வர். பழகிக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க வரும்.)

ஔவைக்கு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். அதற்கு முன், தேடல் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

பெரும்பாலான சிறு தளங்களில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கட்டுரைகள் மைஎஸ்க்யூஎல் போன்ற ஒரு தரவுத்தளத்தில் கிடக்கும். யாராவது தேடினால் ‘லைக்’ என்ற கட்டளை ஒவ்வொரு கட்டுரையையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை துழாவும். நூறு கட்டுரை இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஐம்பதாயிரம் ஆகும்போது ஒவ்வொரு தேடலுக்கும் தளமே மூச்சு வாங்கும். வேகம் போகட்டும், வரும் பதிலும் உருப்படியாக இருக்காது. எது முக்கியமான கட்டுரை, எதில் அந்தச் சொல் போகிற போக்கில் ஒருமுறை வந்தது என்ற வித்தியாசம் அந்தக் கட்டளைக்குத் தெரியாது.

தேடல் வழங்கி செய்வது வேறு வேலை. அது நம் புலவர்களுக்குப் பழக்கமான வேலைதான்: சொல்லடைவு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாக ஒரு சொல்லடைவு வெளியிட்டது. ஒரு சொல்லை எடுத்தால் அது எந்தெந்த நூலில் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொள்ளலாம். நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை, வேறு யாரோ ஏற்கெனவே புரட்டிவிட்டார்கள். தேடல் வழங்கியும் இப்படித்தான். கட்டுரை சேரும்போதே அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, ‘இந்தச் சொல் இந்தக் கட்டுரைகளில்’ என்று அடைவில் எழுதி வைத்துவிடும. கேள்வி வரும்போது அடைவைத் திறந்தால் போதும். எல்லா வேலையும் கேட்பதற்கு முன்பே முடிந்திருக்கும்.

இதை அனுபவப்பட்டுக் கற்றுக்கொண்ட பெரிய தளம் விக்கிப்பீடியா. ஆரம்ப வருடங்களில் அங்கும் தேடலுக்கு மைஎஸ்க்யூஎல்தான். அதிலும் முழுவுரை அடைவு என்று ஒரு வசதி உண்டு, ஆனால் அதற்குச் சில விசித்திரமான குணங்கள் இருந்தன. இயல்பு அமைப்பில் நான்கு எழுத்துக்குக் குறைவான சொற்களை அது சேர்க்காது. பாதிக்கு மேற்பட்ட வரிசைகளில் ஒரு சொல் வந்தால் அது பயனற்ற சொல் என்று ஒதுக்கிவிடும். சோதனைக்காக இரண்டே இரண்டு கட்டுரை போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் :-) இதெல்லாம் போக, கூட்டம் அதிகமான நேரங்களில் விக்கிப்பீடியா தேடலையே நிறுத்திவிட்டு ‘கூகிளில் தேடிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பெட்டியை வைக்க வேண்டிய நிலை 2004 வாக்கில் வந்தது. 2005-ல்தான் தேடலுக்கென்று தனி வழங்கி வைத்தார்கள்.

அந்தப் பழைய ஏற்பாட்டில் தமிழுக்கு நேர்ந்தது ஒரு தனிக்கதை. மைஎஸ்க்யூஎல் 4.0-க்கு யூனிகோடு தெரியாது. ஆகவே விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் ஒரு தந்திரம் செய்தது. ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு எழுத்தையும் அதன் பைட்டுகளின் எண்களாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக மாற்றி அடைவில் போட்டது. ‘அ’ என்ற ஒரே எழுத்து எட்டு எழுத்துக் குறியீடாகும். ‘அம்மா’வுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், ஆக நாற்பது எழுத்து! மனிதக் கண்ணுக்கு அது குப்பை. ஆனால் தேடுகிறவர் ‘அம்மா’ என்று தட்டும்போதும் அதே மாற்றம் நடக்கும். குப்பையும் குப்பையும் பொருந்தும், கட்டுரை கிடைத்துவிடும்.

அசிங்கமான தந்திரம்தான். ஆனாலும் தேடல் வழங்கியின் ஆதார விதி அதற்குள் இருக்கிறது. சேர்க்கும்போது ஒரு சொல்லை என்ன பாடு படுத்துகிறோமோ, தேடும்போதும் அதே பாடு படுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் எதுவும் கிடைக்காது.

இன்று யாரும் அடைவு மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. டக் கட்டிங் 1999-ல் வெளியிட்ட லூசீன் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. (லூசீன் என்பது அவர் மனைவியின் நடுப்பெயர்.) லூசீன் வெறும் இயந்திரம், அதைச் சுற்றி வண்டி கட்டியவர்கள் வேறு. 2004-ல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி கட்டியது சோலர். ஷாய் பேனன் 2010-ல் வெளியிட்டது எலாஸ்டிக்சர்ச். சமையல் படித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சமையல் குறிப்புகளைத் தேட ஒரு கருவி செய்யலாம் என்று ஆரம்பித்து அவர் அங்கே வந்து சேர்ந்தார். (தேடல் உலகில் மனைவிமாரின் பங்கு என்று தனிக் கட்டுரையே எழுதலாம் போலிருக்கிறது.) விக்கிப்பீடியாவும் 2013, 2014-ல் எலாஸ்டிக்சர்ச்சுக்கு மாறியது. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் உரிமத்தை மாற்றியதும் அமேசான் பிரிந்துபோய் ஓப்பன்சர்ச் என்று ஒன்றைத் தொடங்கியது. 2024-ல் எலாஸ்டிக் மறுபடியும் ஒரு கட்டற்ற உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடலாம். உள்ளே ஓடுவது எல்லாவற்றிலும் லூசீன்தான்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. பதிவிறக்கி, விரித்து, ஓட விட்டால் எலாஸ்டிக்சர்ச் 9200 என்ற வாயிலிலும் சோலர் 8983 என்ற வாயிலிலும் காத்திருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வாயிலை இணையத்துக்குத் திறந்து விடக்கூடாது. தளத்தின் நிரல் மட்டும்தான் தேடல் வழங்கியோடு பேச வேண்டும், வெளியாள் பேசக்கூடாது. 2017 ஜனவரியில், பூட்டில்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான எலாஸ்டிக்சர்ச் வழங்கிகளில் யாரோ புகுந்து தரவை அழித்துவிட்டு, திரும்ப வேண்டுமானால் பிட்காயின் கொடு என்று சீட்டு எழுதி வைத்தார்கள். அப்போதெல்லாம் கடவுச்சொல் வசதிக்குக் காசு கட்ட வேண்டும். 2019-ல்தான் அது இலவசமானது. 2022-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாதுகாப்பு இயல்பாகவே போட்டபடி வருகிறது.

இன்னொன்று நினைவகம். எலாஸ்டிக்சர்ச் ஜாவாவில் ஓடுவது, நன்றாகச் சாப்பிடும். இருக்கிற நினைவகத்தில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். மிச்சப் பாதி இயங்குதளத்துக்கு வேண்டும், அடைவுக் கோப்புகளை அதுதான் நினைவில் வைத்து வேகம் கொடுக்கிறது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜிபி நினைவகத்தோடு வழங்கி எடுத்திருக்கும் மாணவருக்கு இது கட்டுப்படியாகாது. சில ஆயிரம் கட்டுரைகளுக்கு எஸ்க்யூலைட்டில் வரும் முழுவுரை அடைவே போதும். கல்லூரி மலர்த் தளத்துக்கு எலாஸ்டிக்சர்ச் வைப்பது தெருமுனைக் கடைக்கு லாரியில் போவது மாதிரி.

ஆக, நிறுவியாகிவிட்டது. ஆங்கிலத் தளமாக இருந்தால் இங்கே பாதி வேலை முடிந்தது. தமிழ்த் தளத்துக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த இரண்டு சொற்கள் ஒரே சொல்? இதை அந்த மென்பொருள் தானாக முடிவு செய்யாது, தளத்துக்காரர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், சொல் எங்கே முடிகிறது என்பதே சிக்கல். ஆங்கிலக்காரர் எழுதிய பல நிரல்கள் ‘எழுத்து அல்லாத குறி வந்தால் சொல்லை வெட்டு’ என்று வைத்திருக்கும். யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, ஒட்டுக்குறி என்ற தனி வகையில் இருக்கின்றன. விளைவு, ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக வெட்டுப்படும். பைத்தான் தெரிந்தவர்கள் அதன் வழக்கமான சொல் வடிவக் குறியைப் போட்டு இப்போதே சோதித்துப் பார்க்கலாம். லூசீனின் பொதுவான வெட்டியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இந்திய மொழிகளை வெட்டியது. 2011-ல் வந்த 3.1 பதிப்பில்தான் யூனிகோடின் சொல் எல்லை விதிகளுக்கு மாறிச் சரியானது. மேலே சொன்ன எஸ்க்யூலைட்டில் இன்றும் ஒட்டுக்குறிகளையும் எழுத்தாக எடுத்துக்கொள் என்று அமைப்பில் நாமே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தேடல் வேலை செய்வது போலவே தோன்றும். அதுதான் ஆபத்து. ‘தம’வும் ‘ழ’வும் அடுத்தடுத்து வரும் கட்டுரைகள் எப்படியோ வந்துகொண்டிருக்கும், கூடவே ஏகப்பட்ட குப்பையும் வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

அடுத்தது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இதற்கு யூனிகோடே இயல்பாக்கம் என்று மருந்து வைத்திருக்கிறது, அடைவுக்குள் போகும் வழியில் அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மருந்தில்லாத நோய்களும் உண்டு. நம் ஔவைக்கு வந்தது அதுதான். ‘ஔ’ என்பது ஓர் உயிரெழுத்து. ஆனால் ‘ஒ’ எழுதி, பக்கத்தில் ‘ள’ எழுதினாலும் அதே போலத்தான் தெரியும்: ஒளவை. எழுதியவர் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. படித்தவரும் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. கணினிக்கு மட்டும் அது ‘ஒளி’, ‘ஒளிவு’ குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு சொல். யூனிகோடு இயல்பாக்கமும் இதைத் தொடாது, ஏனென்றால் விதிப்படி இது பிழையே இல்லை, இரண்டு நல்ல எழுத்துகள்.

இதே மாதிரி ‘அவர்’. தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் சிலர் ‘ர’வுக்குப் பதில் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பார்கள்: அவா். பத்திரிகைத் தளங்களில்கூட இதைப் பார்க்கலாம். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு பிறப்பு உண்டு, ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் 2005-ல் 4.1 பதிப்பில் சேர்ந்தது, அதற்கு முன் எல்லோரும் ‘ஸ’ வைத்தே எழுதினார்கள், இன்றும் பலர் அப்படித்தான். பழைய திஸ்கி எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அந்தக் காலத்துப் பதிவுகளை மாற்றியபோது இடம் மாறிப்போன கொம்புகள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஒரே வழி, தளத்துக்காரர் உட்கார்ந்து ஒரு மாற்றுப் பட்டியல் எழுதுவது. காலுக்குமேல் புள்ளி வந்தால் ‘ர்’ ஆக்கு. சொல் ‘ஒளவை’ என்று தொடங்கினால் ‘ஔவை’ ஆக்கு. ஆனால் ‘ஒள’ வந்த இடமெல்லாம் ‘ஔ’ ஆக்கு என்று எழுதிவிட்டால் ‘ஒளி’ கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் சோலரோ எலாஸ்டிக்சர்ச்சோ எத்தனை பதிப்பு வந்தாலும் இதை அவர்கள் செய்து தரப்போவதில்லை.

மூன்றாவது, வேற்றுமை உருபுகள். ‘மரம்’ என்று தேடுகிறவருக்கு மரத்தில், மரங்கள், மரத்தை, மரத்துக்குப் எல்லாம் வேண்டும். ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-லேயே ஒட்டுகளை வெட்டும் விதிகளை எழுதிவிட்டார். அவர் தொடங்கிய ஸ்நோபால் திட்டத்தில் தமிழுக்கான வெட்டி 2019-ல் வந்த 2.0 பதிப்பில் இடம்பெற்றது. இருப்பது நல்லதே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ‘அவரை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது காயா, ஆளா? சமையல் தளத்தில் ‘ஐ’யை வெட்டிவிட்டால் அவரைக்காய்ப் பொரியல் தேடியவருக்கு ‘அவர்’ வரும் கட்டுரையெல்லாம் கொட்டும். அரசியல் தளத்தில் வெட்டாமல் விட்டால் ‘அவரை’யும் ‘அவரிடம்’மும் உறவில்லாமல் நிற்கும். எது சரி என்பது தளத்தைப் பொறுத்தது. சந்தி வேறு இருக்கிறது. ‘பள்ளிக்கு’ம் ‘பள்ளிக்குச்’சும் அடைவில் இரண்டு சொல். கடைசியில் ஒட்டிய க், ச், த், ப் நான்கையும் கழற்றிவிடுவது இருப்பதிலேயே மலிவான, பலன் அதிகமான திருத்தம். ஒரே ஒரு வரி விதி. தமிழ்ச் சொல் இந்த நான்கில் இயல்பாக முடிவதில்லை என்பதால் ஆபத்தும் குறைவு. ‘ஃபேஸ்புக்’ போன்ற கடன் சொற்கள் மட்டும் வால் இழக்கும், ஆனால் தேடும்போதும் அதே வால் போவதால் பாதகமில்லை.

உருபு வெட்டும் தலைவலியே வேண்டாம் என்று சொல்லின் முதல் சில எழுத்துகளை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அதில் ஒரு பொறி. ‘மரம்’, ‘மரத்தில்’ இரண்டுக்கும் பொதுவான முன்பகுதி ‘மர’. கணினி குறிகளை எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல. அதன் கணக்கில் ‘மரியாதை’யும் ‘மருந்து’ம் ‘மருமகள்’ளும் ‘மர’ என்றே தொடங்குகின்றன, பிறகுதான் கொக்கி வருகிறது! மரம் தேடியவருக்கு மருமகள் கிடைப்பாள். உயிர்மெய்யை முழு எழுத்தாக எண்ணச் சொன்னால் அந்த உறவுகள் கழன்றுவிடும். மரபும் மரணமும் அப்போதும் மிஞ்சும்.

இத்தனையும் கடந்து வந்தால் வரிசைப்படுத்தும் விஷயம். இதில் மென்பொருளை நம்பலாம். எல்லாக் கட்டுரையிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதான சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற யோசனையை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் எழுதினார். ‘தமிழ்’ என்ற சொல்லைவிட ‘ஆத்திசூடி’ என்ற சொல் கேட்பவரின் மனதைத் தெளிவாகக் காட்டுகிறது அல்லவா? அதுதான். அந்த யோசனையில் வளர்ந்த பிஎம்25 என்ற சூத்திரம் 2016 முதல் லூசீனின் இயல்பு வரிசைமுறை. தலைப்பில் வரும் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தால், சிறு தளத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது. எண்களைத் திருகிக்கொண்டே ஒரு வாரத்தை வீணாக்குவது பலருக்கு வழக்கம். அந்த ஒரு வாரத்தை மாற்றுப் பட்டியலுக்குக் கொடுத்திருக்கலாம்.

கட்டுரையைத் திருத்தும்போதும் நீக்கும்போதும் தேடல் வழங்கிக்கும் தகவல் போக வேண்டும், அதை மறக்கக்கூடாது. நீக்கிய கட்டுரை தேடலில் மட்டும் ஆவியாக உலாவுகிற தளங்கள் நிறைய. மாற்று விதி ஒன்றைத் திருத்தினாலும் அடைவு முழுவதையும் மறுபடி கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டுரைகள் பழைய விதியிலேயே இருக்கும். ஆகவே மறுகட்டுமானத்தை ஒரே கட்டளையில் முடியும்படி முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி தேவைப்படும்.

எவ்வளவு அடிக்கடி என்பதைச் சொல்ல ஒரு கோப்பு இருக்கிறது. தேடி எதுவும் கிடைக்காத சொற்களை மட்டும் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லலாம். யார் தேடினார்கள் என்பது வேண்டாம், சொல் மட்டும் போதும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்தால் சிலவற்றுக்குக் கட்டுரையே இருக்காது, அது ஆசிரியர் குழுவின் வேலை. சிலது வெறும் தட்டச்சுப் பிழை. மிச்சமிருப்பவை கட்டுரை இருந்தும் கிடைக்காதவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டுரையில் எப்படி எழுதியிருக்கிறது, வந்தவர் எப்படித் தட்டினார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து, குறி குறியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு ‘ள’ பிடிபடும், ஒரு கால் பிடிபடும். பட்டியலில் ஒரு வரி சேர்த்து, அடைவை மறுபடி கட்டி, அதே சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.